ஓடாதவளின் முகம்

மாமனிதர் ஒருவருக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள் சின்னவள். ஐம்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். மூத்தவள் ஒருத்தி இருக்கும்வரை இளையவள் சின்னவள்தான், தலை நரைத்தாலும் தப்ப முடியாது. மேசையில் கிடந்த மாமனிதர் இந்த இரண்டு மாதத்துக்கானவர். சிறுவர்களுக்கான வரலாற்று வரிசைக்கு இருபத்து நான்கு வருடங்களாக அவள் வரைந்து தள்ளிய மாமனிதர்கள் நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். எல்லாருக்கும் அறுபத்து நான்கு பக்கம். எல்லாரும் மூன்றாம் பக்கத்தில் பிறப்பார்கள், ஏழாம் பக்கத்தில் தெருவிளக்கின் கீழ் படிப்பார்கள், பதினொன்றாம் பக்கத்தில் அடிபட்ட பறவை ஒன்றுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்தப் பறவையை அவள் புதிதாக வரைவதுகூட இல்லை. பழைய படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து அப்படியே எடுத்துவிடுவாள். இத்தனை மாமனிதர்கள் தண்ணீர் கொடுத்தும் அதற்கு இறக்கை ஆறவில்லை.

ஆரம்பத்தில் இதெல்லாம் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சலாக மாறியது, இப்போது இரண்டும் இல்லை. மனைவியை அடித்தவர் இந்தப் புத்தகங்களில் ‘கண்டிப்பானவர்’ ஆகிவிடுவார். பெற்ற பிள்ளைகளின் பெயரைக் கேட்டால் முழிக்கிறவர் ‘ஊருக்கே தந்தை’. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும் என்பார்கள். அறுபத்து நான்கு பக்கமும் கொஞ்சம் வண்ணமும் இருந்தால் பூசணித் தோட்டத்தையே மறைத்துவிடலாம் என்பது அவள் அனுபவம். எழுதுகிறவர்களை அவள் மதிக்கவில்லை, வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை மதிக்கவில்லை, பதிப்பாளரை நினைத்தாலே வாய் கோணும். இந்த லட்சணத்தில் இருபத்து நான்கு வருடம் இதையே செய்துகொண்டிருந்த தன்னைப் பற்றி அவளுக்கு என்ன அபிப்பிராயம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மீசையின் வலது பக்கத்தை முடிப்பதற்குள் பதிப்பாளர் தொலைபேசியில் வந்துவிட்டார்.

“மேடம், அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“என்ன மேடம் நீங்க, ஒரு வரி. அதுக்கு ஒரு வாரமா?”

ஒரு வரிதான். ‘இந்நூலின் அட்டைப்படத்தில் உள்ள முகம் தக்க வரலாற்று ஆதாரத்தின்படி என்னால் வரையப்பட்டது என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே அவள் பெயருக்கு ஒரு புள்ளிக்கோடு. அந்தத் தாள் ஒரு வாரமாகத் தூரிகை ஜாடிக்கு அடியில் கிடந்து ஈர வட்டம் ஒன்றைச் சம்பாதித்திருந்தது.

“நாளைக்கு நீங்களே சிற்பி பட்டறைக்குப் போய் மண் உருவத்த ஒரு தடவ பாத்துட்டு, அங்கயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நாளன்னிக்கு வெண்கலம் ஊத்த அச்சு எடுக்கறாங்களாம். தாள் இல்லன்னா ஆஸ்பத்திரி கமிட்டி சிலையே வேணாம்னுடும். அப்புறம் படமே பொய்னு பேச்சு வந்து, பள்ளிக்கூடங்கள்லேர்ந்து புத்தகம் மொத்தமும் திரும்பி வரும். புது வரிசை இருபது புத்தகமும் உங்க கைக்குத்தான்னு நான் முடிவே பண்ணி வச்சிருக்கேன், தெரியும்ல?” அவர் மிரட்டுவதுகூட உபகாரம் செய்கிற குரலில்தான். “ஆமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்லயே! ஓடாதவள் உங்க குடும்பத்து முன்னோராமே. உங்க அக்கா வந்து கமிட்டில சொல்லிருக்காங்க. அவங்க கையாலயே சிலையத் திறக்க ஏற்பாடு பண்ணிட்டாங்க.”

சின்னவள் தூரிகையைத் தண்ணீரில் போட்டாள். மாமனிதர் ஒற்றை மீசையோடு காய்ந்துகொண்டிருந்தார்.

ஓடாதவள் என்பது யாருடைய பெயரும் அல்ல. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்தத் துறைமுக ஊரில் பெரியம்மை பரவியது. அதிகாரிகள் கப்பல் ஏறினார்கள், மருத்துவர் அடுத்த கப்பலில் ஏறினார், காலும் வண்டியும் இருந்தவர்கள் எல்லாம் பின்னாலேயே போனார்கள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெண் ஒருத்தி மட்டும் எண்பத்தாறு நோயாளிகளுடன் நாற்பத்தொரு நாள் இருந்தாள். ஓடிப் போன மருத்துவர் திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் அவளைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, பெயர் இல்லை. அதைக் கண்டெடுத்து ‘ஓடாதவள்’ என்று புத்தகமாக எழுதியவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அட்டைப்படம் வரையச் சொல்லி அந்தப் பத்தியின் நகலைச் சின்னவளிடம் கொடுத்தவரும் அவர்தான். இப்போது அவரும் இல்லை.

குட்டையானவள், முகம் முழுக்க அம்மைத் தழும்பு, இடது கண் பார்வையில்லை. பத்தியில் அப்படித்தான் இருந்தது, அப்படித்தான் சின்னவளும் முதலில் வரைந்தாள். பதிப்பாளர் அந்தப் படத்தை ஒரு விரலால் தள்ளி வைத்தார். “குழந்தைங்க பயந்துக்கும் மேடம். பாத்தா கையெடுத்துக் கும்பிடற மாதிரி ஒரு முகம் போடுங்க. நாளு ரெண்டுதான் இருக்கு.” வாத்தியார் இரண்டு தடவை இருமினார், அவ்வளவுதான். தழும்பு பற்றிய வரியையும் அவரே புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, ‘அன்பு ஓடாது’ என்று ஓர் அத்தியாயம் எழுதிச் சேர்த்தார்.

அந்த நாட்களில் அம்மா படுக்கையில் கிடந்தாள். பக்கவாதம், ஆறாவது வருடம். சின்னவள் அம்மாவின் கட்டிலை ஒட்டி மேசையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் மாமனிதர்களை வரைந்து மறு கையால் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா, வீட்டுக்குப் பெரியவள், நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தாள். ஆறு வருடத்தில் ஒன்பது தடவை வந்தாள். சின்னவள் எண்ணி வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கூடைப் பழம் வரும், அதற்குப் பின்னால் அக்கா வருவாள், அறை வாசலோடு நின்றுவிடுவாள். “என்னால இதப் பாக்க முடியலடி” என்று அழுவாள். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். பார்க்க முடியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பார்க்க முடிந்தவர்கள்தான் பீத்துணி அலச வேண்டும்.

பெரியவளுக்கு அப்படி ஒரு முகம். அகன்ற நெற்றி, கனிந்த கண்கள், நாம் சொல்வதை எல்லாம் கேட்டு உருகிக்கொண்டே இருக்கிற உதடுகள். தெருவில் வழி கேட்பவர்கள்கூடப் பத்துப் பேரை விட்டுவிட்டு அவளிடம்தான் கேட்பார்கள். முகம் மட்டும் உதவிக்கு ஓடி வரும், ஆள் வரமாட்டாள். பதிப்பாளர் கேட்ட முகம் எது என்று சின்னவளுக்கு அந்தப் பகலில், நாற்றத்துக்கும் கஞ்சிக்கும் நடுவில், பளிச்சென்று தெரிந்தது. ஓடாதவளுக்கு ஓடியவளின் முகத்தை வைத்தாள். வரைந்து முடித்ததும் அம்மாவுக்குக் காட்டினாள். பேச்சு போயிருந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்ல பக்கத்துக் கையை எடுத்து அதைத் தடவிக் கொடுத்தாள். அந்த ஆறு வருடத்தில் சின்னவளைத் தடவிக் கொடுத்த ஞாபகம் அவளுக்கு இல்லை. அன்று அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடமே அம்மா போய்விட்டாள். படம் போகவில்லை. பள்ளிச் சுவர்களில் ஏறியது, ஆஸ்பத்திரி நாட்காட்டியில் வந்தது, வேறு பதிப்பகத்தார் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டார்கள், ஒரு கலைக்களஞ்சியம் ‘பழைய ஓவியம்’ என்றே போட்டுவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையை எல்லாரும் சொல்வார்கள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரான கதையை இவள் யாரிடம் சொல்வது? இப்போது குழந்தைகளுக்கான புதிய கட்டடத்தின் முன்னால் ஏழடி வெண்கலத்தில் நிற்கப் போகிறது. காலம் உள்ள அளவும் பீத்துணிக்கு மூக்கைப் பொத்திய முகத்தைப் பார்த்து நோயாளிகள் ஆறுதல் அடையட்டும்.

மறுநாள் காலை அக்கா வாடகைக் காரில் வாசலுக்கே வந்துவிட்டாள். அறுபது வயதிலும் அந்த முகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் விழாவுக்கான புடவை ஏற்கெனவே அவள் உடம்பில் இருந்தது, ஒத்திகை என்றாள்.

கார் பாலத்தைத் தாண்டியதும் சின்னவள் கேட்டாள்.

“எந்த முன்னோர் அக்கா? அப்பா வழியா, அம்மா வழியா?”

“எதுக்குடி கிண்டல் பண்ற? ஊர்ல அத்தன பேரும் அந்தப் படத்தப் பாத்துட்டு நீங்களா நீங்களான்னு கேட்டாங்க. எத்தன தடவதான் இல்ல இல்லன்னு சொல்றது? ஒரு தடவ ஆமான்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

“அவளுக்குப் பேரு தெரியாது. கல்யாணம் ஆச்சா, புள்ள இருந்துச்சா, ஒண்ணும் தெரியாது.”

“தெரியாதுன்னா நம்மளா இருக்கக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?”

சரித்திர வாத்தியார்கள் பல பேர் இதைவிட மெலிந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு அத்தியாயம் ஏறியதை அவள் பார்த்திருக்கிறாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சின்னவளே” என்றாள் அக்கா. குரல் வேறு மாதிரி இறங்கியிருந்தது. “நீ என்னப் பாத்துதான் வரைஞ்சேன்னு எனக்குத் தெரியும்டி.”

சின்னவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“அம்மா விஷயத்துல நீ என் மேல எவ்வளவு வெறுப்புல இருந்தேன்னு எனக்குத் தெரியாதா? போன் பண்ணா ரெண்டு வார்த்த. லெட்டர் போட்டா பதில் இல்ல. அம்மா போன அன்னிக்குக்கூட என் முகத்த நீ பாக்கல. அப்புறம் ஒரு நாள் கடைல இந்தப் புத்தகத்தப் பாத்தேன். கடைலயே உக்காந்து அழுதேன். அவ்வளவு நல்லவளுக்கு எம் முகத்தக் குடுத்திருக்கியேன்னு. மன்னிச்சுட்டேன்னு வாயால சொல்ல வராம, கையால சொல்லிருக்கேன்னு புரிஞ்சுது.” கைக்குட்டையால் கண் ஓரத்தை ஒற்றிக்கொண்டாள். “பன்னெண்டு வருஷமா அத வச்சுத்தான்டி நான் தூங்கறேன்.”

சின்னவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று இருந்தது, சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை இத்தனை வருடம் மனதுக்குள் திட்டிய ஒவ்வொரு திட்டையும் அவள் பூமாலையாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இதைவிட ஒருத்தியை என்னதான் செய்துவிட முடியும்? பைக்குள் கையெழுத்துத் தாள் இருந்தது. அதன் அடியில், காலையில் அலமாரியைக் கவிழ்த்துத் தேடி எடுத்த வாத்தியாரின் நகலும் இருந்தது. எதற்கு எடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டால் அக்கா தூங்குவாள், பதிப்பாளர் தூங்குவார், புது வரிசை இருபது புத்தகத்துக்கும் அந்தப் பறவைக்கும் வேலை இருக்கும். கெட்டுப் போகப் போவது பெயர்கூட இல்லாத ஒரு வண்ணாத்தி. அவளும் செத்து எத்தனையோ காலம் ஆயிற்று.

சிற்பியின் பட்டறை ஒரு பழைய கிடங்கு. உள்ளே ஈர மண்ணின் குளிர்ச்சி. நடுவில் கம்பிச் சட்டத்தின் மேல் களிமண் உருவம் ஈரத் துணி சுற்றி நின்றது. சிற்பி கனத்த உடம்பு, லுங்கி, முழங்கை வரைக்கும் மண். வாங்கம்மா என்று இரண்டு பேரையும் பொதுவாகக் கூப்பிட்டுவிட்டு, துணியை மேலிருந்து அவிழ்த்தார். அக்காவின் நெற்றி வந்தது, கண்கள் வந்தன, உருகும் உதடுகள் வந்தன. ஏழடி உயரத்தில் அக்கா அக்காவைக் குனிந்து பார்த்தாள்.

“ஐயோ” என்றாள் பெரியவள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

சிற்பி அவளையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னவளிடம் திரும்பினார்.

“முகம் வந்துருச்சும்மா. கால்தான் எனக்கு வரமாட்டேங்குது. மூணு தடவ கலைச்சுட்டேன்.”

“காலுக்கு என்ன?”

“ஒருத்தர் நிக்கறாங்கன்னா ஏன் நிக்கறாங்கன்னு கால்ல தெரியணும். ஊரே ஓடுது, இவங்க மட்டும் நிக்கறாங்க. ஏன்?”

“புத்தகத்துல இருக்குமே. அன்பு.”

“படிச்சேன்.” சிற்பி வாளியில் கையை விட்டு அலசினார். “ஊர்ல வேற யாருக்குமே அன்பு இல்லயா? புள்ளையப் பெத்தவங்களே விட்டுட்டு ஓடிருக்காங்க. நாப்பது நாள் அம்மைக்கு நடுவுல இருந்துருக்காங்க, இவங்கள ஒண்ணுமே தொடல. அது எப்படி? எனக்கு இடிக்குது.”

பன்னிரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் படித்தார்கள், ஆசிரியர்கள் பாடம் எடுத்தார்கள், கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. ஒரு ஆள் இதைக் கேட்கவில்லை. சின்னவள் பையைத் திறந்து நகலை எடுத்தாள். காகிதம் மடிப்பில் பழுத்திருந்தது. சத்தமாகப் படித்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை படிப்பதைப் போல ஒரே குரலில்.

“‘ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெண் மட்டும் இருந்தாள். குட்டையானவள். முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. இடது கண் பார்வையில்லை. நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன். எனக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது, மறுபடி வராது, வராத ஆள் நான் ஒருத்திதான், நான் போனால் இவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது யார் என்றாள். மறுநாள் துணி துவைக்கப் போய்விட்டாள்.’”

படித்து முடித்ததும் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

அவளுடைய வரலாறே அந்தத் தழும்புதான். அதை முதலில் அழித்துவிட்டு, பிறகு காரணம் இல்லையே என்று அன்பைக் கொண்டுவந்து பூசியிருக்கிறார்கள். பதிப்பாளரை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. சின்னவள் இந்தப் பத்தியை வைத்துக்கொண்டே அந்த முகத்தை வரைந்தவள். நூற்று நாற்பது பேரில் பொய் சொல்லத் தேவையே இல்லாத ஒரே ஒருத்தி அந்தத் துணி துவைக்கிறவள். தன் வீட்டுச் சண்டையைத் தீர்த்துக்கொள்ள இவள் அவளுடைய முகத்தை எடுத்துக்கொண்டாள். மாமனிதர்கள் எல்லாரையும் இளக்காரமாகப் பார்த்தாளே, அவர்களில் ஒருவர்கூட இவ்வளவு கேவலமான வேலை செய்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முகம் சுட்டது.

“அதானே” என்றார் சிற்பி, மெதுவாக. அவர் பார்வை மண்ணின் பாதங்களுக்குப் போய்விட்டது. “இது வேலை செஞ்சு பழகுன கால். இப்ப வந்துரும்.”

சின்னவள் பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். களிமண் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. இவ்வளவு பக்கத்தில் அக்காவின் முகத்தைச் சின்ன வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை. ஒரே பாயில் படுத்திருந்த காலத்தில், தூக்கம் வராதபோது, அந்த இமைகளை விரலால் தடவிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

“அக்கா” என்றாள், திரும்பாமல். “நான் உன்ன மன்னிச்சு வரையல. திட்டி வரைஞ்சேன். ஓடுனவ முகத்த ஓடாதவளுக்கு வச்சா எப்படி இருக்கும்னு வரைஞ்சேன்.”

சின்னவள் வலது கைக் கட்டைவிரலை இடது கண்ணின் மேல் வைத்து அழுத்தினாள். மண் குளிர்ந்திருந்தது, அவள் நினைத்ததைவிடச் சுலபமாக உள்ளே போயிற்று. இமை மடிந்தது, கண் பள்ளமானது.

“அடிப்பாவி!” என்றாள் பெரியவள்.

சின்னவள் நிறுத்தவில்லை. கொண்டை ஊசியை உருவி, அதன் வளைந்த முனையால் கன்னத்தில் குத்தினாள். ஒன்று, இரண்டு, பிறகு எண்ணாமல். நெற்றி, மூக்கு, தாடை. வழுவழுப்பான இடம் எல்லாம் போயிற்று. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. ஒவ்வொரு குத்தும் அந்தப் பெண்ணுக்காகவா, அக்காவின் மேல் இருந்த ஆத்திரத்துக்காகவா என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சத்தியம் செய்து சொல்லியிருக்க முடியாது. கை மட்டும் முன் எப்போதும் இல்லாத அளவு நிதானமாக இருந்தது. சிற்பி தடுக்கவில்லை. காய்ந்துவிடாமல் இருக்க முகத்தின் மேல் தண்ணீர் தெளித்தார்.

“கமிட்டி ஒத்துக்காது” என்றார்.

“தெரியும்.”

“நாளைக்கு ஒன்பது மணிக்கு அச்சு. அதுக்குள்ள இங்க யாரும் வந்து பாக்கறதா இல்ல.” சொல்லிவிட்டு அவர் உருவத்தின் காலடியில் உட்கார்ந்து, வலது பாதத்தைப் பிடுங்கி எடுத்து, புதிதாகப் பிசைய ஆரம்பித்தார்.

சின்னவள் இறங்கினாள். பையிலிருந்து தாளை எடுத்து, ‘இந்நூலின் அட்டைப்படத்தில்’ என்ற சொற்களை அடித்துவிட்டு மேலே ‘இச்சிலையில்’ என்று எழுதினாள். புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போட்டாள். விரல் பட்ட இடம் எல்லாம் மண். பதிப்பாளர் இதை என்ன செய்வார் என்பது அவளுக்குத் தெரியும். தாளை மடித்துச் சிற்பியின் பலகையில் வைத்த பிறகுதான் அக்காவைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வந்தது.

பெரியவள் போயிருப்பாள் என்றுதான் நினைத்தாள். வாசலோடு நின்றுவிட்டு ரயிலுக்குக் கிளம்புகிறவள் ஆயிற்றே. வெளியே வாடகைக் காரும் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் அதே இடத்தில் நின்றாள். விழாப் புடவையின் கொசுவத்தில் மண் தெறித்திருந்தது. அழவில்லை. ஒரு உள்ளங்கையால் தன் இடது கண்ணை மூடிக்கொண்டு, மீதிக் கண்ணால் மேலே இருந்த அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.